கயானா: நிலம், மக்கள், காட்டுயிர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கயானா எங்கே இருக்கிறது? கானா, கினி என்றெல்லாம் குழம்புகிறதே?

கானாவும் கினியும் ஆப்பிரிக்காவில். கயானா தென் அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில். மேற்கே வெனிசுவேலா, தெற்கே பிரேசில், கிழக்கே சுரினாம், வடக்கே அட்லாண்டிக். சுரினாமுக்கும் அப்பால் உள்ள பிரெஞ்சு கயானா வேறு. அது இன்றும் பிரான்சின் பகுதி. நாம் பேசுவது பழைய பிரிட்டிஷ் கயானா. 1966 மே 26-இல் விடுதலை, 1970 பிப்ரவரி 23-இல் குடியரசு. பரப்பு சுமார் 2,15,000 சதுர கி.மீ. 2012 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 7,46,955. அவ்வளவுதான், ஒரு நடுத்தர நகரத்தின் கூட்டம்.

ஆட்சிமொழி ஆங்கிலம்; தென் அமெரிக்காவின் சுதந்திர நாடுகளில் வேறெதிலும் அப்படி இல்லை. வீட்டிலும் சந்தையிலும் பேசுவது ஆங்கிலத்திலிருந்து கிளைத்த கிரியோல். கண்டம் தென் அமெரிக்கா என்றாலும் பழக்கவழக்கம் கரீபியன்: ரோகன் கன்ஹாய், கிளைவ் லாயிட், சந்தர்பால் எல்லாரும் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு ஆடிய கயானாக்காரர்கள்.

நாட்டின் நில அமைப்பைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கடலிலிருந்து உள்ளே போகப் போக நான்கு விதமான நிலம். முதலில் களிமண் கடலோரச் சமவெளி. நெல், கரும்பு, வீடு எல்லாம் இங்கே. அதன் பின்னால் வெள்ளை மணல் மேடு. மரம் வெட்டும் இடங்களும் லிண்டன் நகரின் பாக்சைட் சுரங்கமும் இதில்தான். அடுத்து நாட்டின் பெரும்பகுதியை மூடிய மழைக்காடு; மேற்கில் அது பக்கரைமா மலைத்தொடராக உயர்கிறது. கடைசியாகத் தென்மேற்கில் ருப்புனூனி புல்வெளி. நடுவே கனுக்கு மலைகள் குறுக்கிட்டு அதை வடக்கு, தெற்கு என்று பிரிக்கின்றன.

ஆறுகள் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகின்றன: எஸ்ஸகிபோ (சுமார் 1,010 கி.மீ.), டெமராரா, பெர்பிஸ், சுரினாம் எல்லையில் கொரன்டைன். சாலை போட முடியாத இடத்துக்கெல்லாம் ஆறுதான் வழி. ஆனால் படகில் நேராக உள்நாடு போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம்; ஒவ்வோர் ஆற்றிலும் பாறைகள் நிறைந்த சிற்றருவிகள் குறுக்கே வரும், சரக்கை இறக்கி, படகைத் தூக்கி, மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவு நிலம் இருந்தும் பத்தில் ஒன்பது பேர் கடலோரத்திலேயே ஏன் ஒண்டிக்கிடக்கிறார்கள்? அதுவும் கடல்மட்டத்துக்குக் கீழே?

கரும்புக்காக. உள்நாட்டு மணல் சத்தற்றது. கடலோரக் களிமண்ணில் கரும்பு கொழிக்கும், ஆனால் அது சதுப்பு. கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டம் நிலத்தைவிட அரை முதல் ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும். 18-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அந்தச் சதுப்பை அணைகட்டி வறட்டினார்கள். 'டச்சுக்காரர்கள்' என்று புத்தகங்கள் சொல்கின்றன. மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1940-களின் இறுதியில் சர்க்கரைத் தொழிலை ஆராய்ந்த வென் ஆணையம் ஒரு கணக்குப் போட்டது: ஒரு சதுர மைல் கரும்பு வயலுக்கு 49 மைல் வடிகாலும் 16 மைல் மேல்நிலை வாய்க்காலும் தேவை, கடலோரம் முழுக்க இவற்றை வெட்ட அள்ளிய மண் குறைந்தது 10 கோடி டன். இயந்திரம் இல்லாத காலத்தில், மண்வெட்டியால்.

ஏற்பாடு இப்படி வேலை செய்கிறது. முன்னால் கடற்சுவர். பின்னால், கிராமங்களுக்கும் வயல்களுக்கும் முதுகுப்புறத்தில், மழைநீரைத் தேக்கிவைக்கும் பெரிய ஏரி; அதன் நீர்மட்டமும் வயலைவிட உயரம். அதாவது ஊர் இரண்டு தண்ணீருக்கு நடுவே தாழ்வாகக் கிடக்கிறது. ஏரியிலிருந்து பாசன வாய்க்கால் வயலுக்கு வரும். வயலிலிருந்து வடிகால் கடலை நோக்கிப் போகும். வடிகால் கடலைத் தொடும் இடத்தில் கோக்கர் எனப்படும் மதகு: உயர்ந்த சட்டத்தில் தொங்கும் மரக் கதவு, மேலே சுற்றி இழுக்கும் உருளை. கடல் வற்றி வடிகால் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் மதகுக்காரர் கதவைத் தூக்குவார். தண்ணீர் தானாக வெளியே ஓடும். ஏற்றம் திரும்புவதற்குள் இறக்கிவிட வேண்டும். நாளுக்கு இரண்டு வற்றம், நள்ளிரவானாலும் சரி, விடியற்காலையானாலும் சரி. அரைமணி தாமதித்தால் உப்புநீர் உள்ளே ஏறி நெற்பயிரைக் கெடுக்கும்.

எங்கே பிசகுகிறது?

பெரும்பாலும் நான்கு காரணங்கள், பல சமயம் ஒன்றுசேர்ந்து. மதகுக்கு வெளியே சேறு படிந்து வாய் அடைபடுவது முதலாவது. கதவைத் தூக்கினாலும் நீர் நகராது. சேற்றைத் தோண்டி வழி விட வேண்டும். இரண்டாவது, ஊருக்குள் வடிகாலில் பிளாஸ்டிக் பாட்டிலும் செடியும் அடைத்துக்கொள்வது. மூன்றாவது, அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றமும் கனமழையும் ஒரே வாரத்தில் வருவது. கதவைத் திறக்கக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிடும், பம்புகள்தான் கதி. நான்காவதுதான் பயங்கரம்: பின்னால் உள்ள ஏரிக்கரை உடைவது.

2005 ஜனவரியில் கரை உடையும் தறுவாய்க்கு வந்தது. தலைநகர் ஜார்ஜ்டவுனும் கிழக்குக் கடலோரக் கிராமங்களும் வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றன. வெள்ளத்தில் மூழ்கி இறந்தவர்கள் ஒருபுறம். அந்தத் தண்ணீரில் நடந்ததால் எலிக்காய்ச்சல் வந்து இறந்தவர்களும் உண்டு. அதன்பிறகுதான் ஏரியின் உபரிநீரை நேரே கடலுக்கு விட ஹோப் என்ற இடத்தில் தனிக் கால்வாய் வெட்டினார்கள்.

கரீபியன் என்கிறீர்கள், நீலக் கடற்கரை உண்டா?

கிடையாது. அமேசான் முகத்துவாரத்திலிருந்து வரும் வண்டல் கடலோரமாகவே மேற்கு நோக்கி நகர்வதால் கடல் செம்பழுப்பாக இருக்கும். சேற்றுத்திட்டு ஓர் ஊரின் முன்னால் நிற்கும் காலம்வரை அலை அடங்கி, கண்டல் மரம் முளைக்கும். திட்டு நகர்ந்துவிட்டால் அலை நேராகச் சுவரில் மோதும். ஆகவே கண்டல் காட்டை வளர்ப்பது அங்கே கடலணை வேலையின் ஒரு பகுதி. மாலையில் ஜார்ஜ்டவுன் மக்கள் கடற்சுவரின்மேல் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். குளிக்க இறங்குபவர் அரிது. ஒரு நல்ல செய்தி: கயானா கரீபியன் சூறாவளிப் பாதைக்குத் தெற்கே தள்ளி இருப்பதால் புயல் பயம் இல்லை.

யார் யார் வாழ்கிறார்கள்?

2012 கணக்கெடுப்பின்படி இந்திய வம்சாவளியினர் 39.8%, ஆப்பிரிக்க வம்சாவளியினர் 29.3%, கலப்பு 19.9%, பூர்வகுடிகள் 10.5%. போர்த்துகீசியரும் சீனரும் சிறு எண்ணிக்கை. அடிமை முறையும், அதைத் தொடர்ந்து பழைய முதலாளியிடமே உழைக்கவைத்த கட்டாயப் பயிற்சிமுறையும் 1838 ஆகஸ்ட் 1-இல் முடிந்ததும் ஆப்பிரிக்கர்கள் தோட்டங்களைவிட்டு வெளியேறி, சேமித்த காசைக் கூட்டாகப் போட்டு நிலம் வாங்கினார்கள். 1839-இல் 83 பேர் சேர்ந்து நார்த்புரூக் தோட்டத்தை வாங்கி உருவாக்கிய விக்டோரியா கிராமம் அதில் முதலாவது. தோட்ட முதலாளிகளோ அந்த விடுதலை நாளுக்கு முன்பிருந்தே கூலிக்கு ஆள் தேடி போர்த்துகீசியரின் மதீரா தீவு, இந்தியா, சீனா என்று கப்பல் அனுப்பினார்கள். விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரு கப்பல்கள் முதல் இந்தியர்களோடு 1838 மே 5-இல் வந்து சேர்ந்தன. 1917 வரை வந்தவர்கள் ஏறக்குறைய 2,39,000.

அதில் தமிழர் உண்டா?

உண்டு. பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரி, அவதி பேசும் மக்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள் சுமார் 15,000, தமிழரும் தெலுங்கரும். அங்கே இவர்களை இன்றும் 'மதராசி' என்பார்கள். தமிழ் பேச்சுமொழியாக மறைந்துவிட்டது. பெயர்கள் நிற்கின்றன: பெருமால், வீராசாமி, முன்சாமி, சின்னப்பன், ஆறுமுகம், நாகமுத்து. 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் வீராசாமி நாகமுத்து.

கோயில்தான் இன்னும் வலுவாக இருக்கிறது. காளி மாயி பூசை என்று அங்கே சொல்வது நம் மாரியம்மன் திருவிழாவேதான்: தப்பு அடித்து, கரகம் எடுத்து, வேப்பிலை பிடித்து, சாமி வந்து ஆடி, குறி சொல்வது. மாரியம்மாவைச் சுற்றி மதுரை வீரன், சங்கிலிக் கறுப்பன், முனீஸ்வரன், காட்டேரி. நாகூர் ஆண்டவருக்கும் தனி இடம். பாடல்கள் தமிழ்தான், ஆனால் பல தலைமுறையாகக் காதால் கேட்டுப் பாடிவருவதால் சொற்கள் உருமாறியிருக்கும். பெர்பிஸ் பகுதி, குறிப்பாகக் கொரன்டைன் கரையோர ஊர்கள், இதற்குப் பேர்போனவை. பார்க்கப் போகிறவர்கள் கோயில் வழக்கப்படி சில நாள் சைவமாக இருந்து, குளித்துப் போவது மரியாதை. பூசாரியைக் கேட்காமல் சாமியாடுபவரைப் படம் எடுக்கக் கூடாது.

பூர்வகுடிகள் ஒரே இனமா?

இல்லை, ஒன்பது. லொக்கோனோ, வர்ராவ், கரீப் மக்கள் வடமேற்குக் கடலோர ஆறுகளிலும் காட்டிலும். அக்கவாயோவும் அரெக்குனாவும் மசரூனி ஆற்றின் மேல்பகுதியில். பட்டமோனா பக்கரைமா மலையில். மக்கூஷி வடக்கு ருப்புனூனியில். வப்பிஷானா தெற்கு ருப்புனூனியில். வாய்வாய் தென்கோடிக் காட்டில். வர்ராவ் மொழிக்கு உறவுமொழி எதுவும் தெரியவரவில்லை. லொக்கோனோவும் வப்பிஷானாவும் அரவாக்கன் குடும்பம், மற்றவை கரீபன் குடும்பம்.

கிராமத் தலைவரை டோஷாவோ என்பார்கள், தேர்தலில் வருபவர். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டா பெற்ற கிராம நிலத்துக்குள் நுழைய ஊர் மன்றத்தின் அனுமதி வேண்டும். சுற்றுலா நிறுவனம் வழியாகப் போனால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தனியாகப் போகிறவர் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, போய்ச் சேர்ந்ததும் முதலில் டோஷாவோவைப் பார்க்க வேண்டும்.

கசப்பு மரவள்ளி விஷம் என்கிறார்கள். அதையே தினமும் எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

விஷம் என்பது உண்மை. கிழங்கைத் துருவும்போது அதிலுள்ள வேதிப்பொருள் உடைந்து சயனைடு அமிலம் வெளிவரும். அதைப் போக்குவதற்கான முறை இது: தோலைச் சீவி, துருவி, ஈரமாவை மட்டப்பி என்ற பின்னல் குழாய்க்குள் திணிப்பார்கள். ஆள் உயரத்தைவிட நீளமான இந்தக் குழாயின் பின்னல் சாய்வாக ஓடும். திணித்தால் குட்டையாகித் தடிக்கும், இழுத்தால் நீண்டு ஒடுங்கும். மேல்முனையை உத்திரத்தில் மாட்டி, கீழ்முனையில் ஒரு கழியைச் செருகி அதன்மேல் ஒருவர் உட்கார்ந்துகொள்வார். குழாய் ஒடுங்க ஒடுங்கச் சாறு கீழே பாத்திரத்தில் வடியும்.

மாவை உலர்த்தி, இடித்துச் சலித்து, அகன்ற கல்லில் பரப்பிச் சுட்டால் மரவள்ளி ரொட்டி. கிளறி வறுத்தால் பரீன், மாதக்கணக்கில் கெடாது. வடிந்த சாற்றில் அடியில் படிவது மாவுச்சத்து, அதைத் தனியே எடுத்துவிடுவார்கள். மேலே நிற்கும் சாறுதான் ஆபத்து; பச்சையாகக் குடித்த நாய், கோழி செத்துப்போகும். அதை மணிக்கணக்கில் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் விஷம் ஆவியாகப் போய், கருத்துக் கெட்டியான காசரீப் கிடைக்கும். மூடி போட்டுக் காய்ச்சுவதும், நிறம் மாறுவதற்குள் இறக்குவதும்தான் தவறு. இறைச்சியைக் காசரீப், மிளகாய், பட்டை, கிராம்போடு வேகவைத்தால் பெப்பர்பாட். கிறிஸ்துமஸ் காலையில் நாடு முழுக்க இதுதான் உணவு. நாளுக்கு ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டால் குளிர்பெட்டி இல்லாமலே பல நாள் நிற்கும். ஒருநாள் மறந்தால் புளித்துவிடும்.

கையட்டூர் அருவிக்குப் போவது எப்படி?

பொட்டாரோ ஆறு ஒரே பாய்ச்சலில் 226 மீட்டர் விழுகிறது. ஜார்ஜ்டவுனை ஒட்டிய ஓகிள் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானம், சுமார் ஒரு மணி நேரம். குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் பயணத்தைத் தள்ளிவைப்பார்கள், காலை மேகமும் தாமதப்படுத்தும். எனவே நாடு திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் இதை வைக்காதீர்கள். தரையிறங்கியதும் வழிகாட்டி இல்லாமல் நடக்க விடமாட்டார்கள், பாறை விளிம்பில் கைப்பிடி கிடையாது. நடந்து போக நினைப்பவர்களுக்கு நான்கைந்து நாள் வழி ஒன்று உண்டு.

அருவியைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் கடந்துபோகும் ஒன்று, வழியோரம் ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் பிரோமிலியாட் எனும் அன்னாசிக் குடும்பச் செடிகள். இலைகளின் இடுக்கில் மழைநீர் தேங்கும். அந்தக் குட்டிக் குளத்திலேயே பிறந்து வளர்ந்து முட்டையிடும் பொன்னிறத் தவளை, விரல்நுனி அளவு. காலையில், ஈரம் காய்வதற்கு முன், இலைக்கக்கத்தில் பார்க்க வேண்டும். கையை விடக் கூடாது, செடியை அசைக்கவும் கூடாது. அருவித் திரைக்குப் பின்னால் உள்ள குடைவில் உழவாரன் குருவிகள் அடைகின்றன. அந்தி நேரத்தில் ஆயிரக்கணக்கில் வானத்திலிருந்து நேராக நீர்த்திரையை நோக்கிப் பாயும். பகல் விமானத்தில் வருபவர்களுக்கு அது கிடைக்காது, இரவு தங்க வேண்டும்.

ரொரைமா மலை?

மூன்று நாட்டு எல்லையில் நிற்கும் 2,810 மீட்டர் மேசைமலை. கயானாப் பக்கம் செங்குத்துச் சுவர்; நடைப்பயணிகள் ஏறுவது வெனிசுவேலாப் பக்கத்திலிருந்து.

ருப்புனூனிக்கு எந்த மாதம் நல்லது?

இங்கே ஒரே மழைக்காலம், மே முதல் ஆகஸ்ட் வரை. (கடலோரத்தில் இரண்டு: மே–ஜூலை, நவம்பர் நடு–ஜனவரி.) மழை முற்றியதும் புல்வெளி ஏரியாகிவிடும். எஸ்ஸகிபோவில் சேரும் ருப்புனூனி ஆறும், அமேசானுக்குப் போகும் டக்குட்டு ஆறும் நடுவிலுள்ள தாழ்வில் கலந்துவிடுகின்றன. இரண்டு பெரிய ஆற்றுப்படுகைகளின் மீன்கள் இந்த வழியாகத்தான் இங்குமங்கும் போய்வருகின்றன. சின்ன நாட்டில் இவ்வளவு மீன் வகை இருப்பதற்கு இந்த வெள்ளம் ஒரு முக்கியக் காரணம்.

காட்டுயிர் பார்க்கச் சிறந்தது அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. தண்ணீர் குளங்களுக்குள் ஒடுங்கும், விலங்குகளும் அதைத் தேடி வரும். ஜூன், ஜூலையில் சாலை மூழ்கி வண்டிகள் நாட்கணக்கில் சிக்கும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து ருப்புனூனியின் எல்லை ஊரான லெத்தம் ஏறக்குறைய 550 கி.மீ. லிண்டன் வரை தார். அதற்கப்பால் பெரும்பாலும் செம்மண். மினிபஸ் மாலையில் கிளம்பி இரவு முழுக்க ஓடும். குருபுக்காரியில் எஸ்ஸகிபோவைக் கடக்கும் மிதவைப் படகு இரவில் ஓடாது, அதனால் விடியும்வரை காத்திருப்பீர்கள். கம்பளியும் தண்ணீரும் கைப்பையிலேயே இருக்கட்டும். லெத்தமில் டக்குட்டு பாலத்தைத் தாண்டினால் பிரேசில். கயானாவில் இடப்பக்கம், பிரேசிலில் வலப்பக்கம் ஓட்டுவதால், பாலத்தருகே ஒரு சாலை மற்றொன்றின் அடியில் புகுந்து பக்கம் மாறுகிறது.

எந்தெந்த விலங்கை எங்கே பார்க்கலாம்?

*ராட்சத எறும்புத்தின்னி:* வடக்கு ருப்புனூனி புல்வெளி, விடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். வாலோடு சேர்த்து இரண்டு மீட்டர். பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. காற்று உங்களிடமிருந்து அதை நோக்கி அடித்தால் ஓடிவிடும், எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். மிரண்டு பின்னங்காலில் எழுந்து நின்றால் விலகிவிட வேண்டும். முன்னங்கால் நகம் வயிற்றைக் கிழிக்கும்.

*ராட்சத நீர்நாய்:* ருப்புனூனி, ரேவா ஆறுகள். 1.7 மீட்டர் வரை நீளம், குடும்பமாகத் திரியும். தொண்டையிலுள்ள வெளிர் திட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு. படகைக் கண்டதும் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும்போது ஆய்வாளர்கள் அதை வைத்தே அடையாளம் குறிக்கிறார்கள். தோலுக்காக வேட்டையாடி அழியவிருந்த இனம். கரனம்பு பண்ணையில் டயான் மக்டர்க் (1932–2016) அநாதைக் குட்டிகளை வளர்த்து ஆற்றில் விட்டுவந்தார்.

*அரபைமா:* இரண்டு மூன்று மீட்டர் வளரும் நன்னீர் மீன். நீருக்கு வெளியே வாய் நீட்டிக் காற்றை விழுங்காவிட்டால் செத்துவிடும். 10 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தே தீர வேண்டும். அந்த நொடிக்குக் காத்திருந்துதான் ஈட்டி எறிந்தார்கள். அதே நொடியை வைத்துத்தான் இப்போது மக்கூஷி மீனவர்கள் குளம் குளமாக எண்ணிக் காவல் காக்கிறார்கள்.

*கருங்கெய்மன்:* நான்கைந்து மீட்டர் வரும் முதலையினம். யுப்புக்காரி கிராமத்தார் இரவில் படகில் போய், டார்ச் ஒளியில் கண் மின்னுவதைக் கண்டு பிடித்து, அளந்து விடுகிறார்கள்.

*ஹோட்சின்:* தேசியப் பறவை. இதற்குக் காட்டுக்குப் போக வேண்டாம், ஜார்ஜ்டவுனிலிருந்து சாலைவழி போய் மகைக்கா ஆற்றில் படகேறினால் போதும். இலை தின்று, மாடு அசைபோடுவதுபோல் தொண்டைப்பையில் புளிக்கவைப்பதால் சாண வாடை அடிக்கும். குஞ்சின் இறக்கையில் இரண்டிரண்டு நகம். ஆபத்து வந்தால் தண்ணீரில் குதித்து, பிறகு நகத்தால் பற்றிக் கிளையேறிவிடும்.

*ஜாகுவார்:* உறுதி தர யாராலும் முடியாது. 3,71,000 ஹெக்டேர் இவோக்ரமா காட்டின் சாலையில் அதிகாலையும் அந்தியும் வாய்ப்பு அதிகம்.

*கடற்பசு:* ஜார்ஜ்டவுன் தேசியப் பூங்காக் குளத்திலேயே. கரையில் புல்லை நீட்டினால் வந்து மெல்லும்.

*கடலாமை:* வடமேற்கிலுள்ள ஷெல் பீச்சில் நான்கு இனம், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடும்.

பாம்புக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டுமா?

லபாரியா என்ற குழிவிரியன் கவனிக்க வேண்டியதுதான். இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். ஆனால் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சின்னவை. புல்வெளியில் 'பேட்ரூஜ்' எனும் சிவப்பு உண்ணிப்பூச்சி, கடித்த இடம் வாரக்கணக்கில் அரிக்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, திரும்பியதும் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளிப்பதே வழி. ஆற்று மணல்திட்டில் திருக்கை படுத்திருக்கும். அடி எடுத்து வைக்காமல் காலைத் தேய்த்தே நடந்தால் அது நகர்ந்துவிடும். உள்நாட்டில் மலேரியா உண்டு, சுரங்கப் பகுதிகளில் அதிகம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் தவறவிடும் விஷயம்?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போகும்போது கேட்காமல் போகலாம், திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள். சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாக மாறினால் அதற்கும் விசா வேண்டும். உள்நாட்டுச் சிறு விமானங்களில் பைக்கு 9 கிலோ அளவுதான், உங்களையும் எடை போடுவார்கள். லெத்தம் தாண்டினால் ரொக்கம்தான் செல்லும்.

வெனிசுவேலா எல்லைத் தகராறு பயணிகளைப் பாதிக்குமா?

எஸ்ஸகிபோவுக்கு மேற்கே உள்ள சுமார் 1,59,500 சதுர கி.மீ. தனதென்று வெனிசுவேலா கோருகிறது. 1899 நடுவர் தீர்ப்பை அது ஏற்கவில்லை. 2015-இல் கடலில் பெரிய எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டபின் பேச்சு சூடேறியது. 2018-இல் கயானா சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பகுதியை நிர்வகிப்பது கயானாதான். கையட்டூரும் லெத்தமும் அதற்குள்ளேதான் வருகின்றன. எல்லையோர ஆறுகளைத் தவிர மற்ற இடங்களில் பயணம் வழக்கம்போல் நடக்கிறது. ஆனால் வெனிசுவேலாவுக்குள் சட்டப்படி கடக்கும் தரைவழி கிடையாது.

எதை வாங்கி வரலாம், எதைத் தொடக் கூடாது?

காசரீப் பாட்டில், பரீன், பின்னல் கூடை, பலாட்டா மரப்பாலில் செய்த பொம்மை தாராளமாக. காசரீப்பைக் கைப்பையில் வைத்தால் திரவம் என்று பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். பஞ்சவர்ணக் கிளி இறகு செருகிய தலையணி, ஜாகுவார் பல், ஆமையோடு எல்லாம் சர்வதேச வன உயிர் வணிக ஒப்பந்தத்தில் சிக்கும். பாடும் குருவிகள் பற்றி ஒரு எச்சரிக்கை: ஞாயிறு காலையில் ஜார்ஜ்டவுனில் கூண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து டோவாடோவா குருவிகளைப் பாடவிட்டுப் போட்டி நடத்துவார்கள், நல்ல பாடகனுக்கு நியூயார்க்கில் பெரிய விலை. தலைமுடி சுருட்டும் குழாய்களுக்குள் குருவிகளை அடைத்துக் கடத்தி விமான நிலையத்தில் மாட்டியவர்கள் பலர். யாராவது 'இந்தச் சின்னப் பொட்டலத்தை மட்டும் எடுத்துப் போங்கள்' என்றால், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.